மேற்படி



பழைய நிலப் பத்திரங்களையும் கடைக் கணக்கேடுகளையும் புரட்டிப் பார்த்தவர்கள் ௸ என்னும் குறியைக் கண்டிருப்பார்கள். 'மேற்படி' என்பது அதன் பொருள். மேலே ஒருமுறை எழுதிய பெயரையோ பண்டத்தையோ மீண்டும் மீண்டும் எழுதிக் கை சலிக்காமல், எழுத்தர் இந்த ஒரே குறியை இட்டுவிட்டு அடுத்த வரிக்குச் சென்றார். நாள், மாதம், வருடம், பற்று, வரவு ஆகியவற்றின் குறிகளோடு இதுவும் 2003ஆம் ஆண்டில் ஒருங்குறி அட்டவணையில் இடம்பெற்றது. தாளில் வாழ்ந்த மேற்படிக்குக் கணிப்பொறித் திரையிலும் இவ்வாறு இடம் கிடைத்தது.

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் நம் இளைஞர்கள் வேறொரு மேற்படியை நாடுகின்றனர். அவர்கள் வேண்டுவது எழுத்துக்கு மேற்படி அன்று; செயலுக்கு மேற்படி. "நான் கடைசியாகச் செய்த வேலையை அப்படியே இன்னொரு முறை செய்து முடிக்க ஒரு விசை வேண்டும்" என்று, தாங்கள் பயன்படுத்தும் எடிட்டரை உருவாக்கியவர்களிடம் அவர்கள் கேட்கின்றனர். ஒரு விசைதானே, கொடுத்துவிட்டால் போயிற்று என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் உழைப்பில் எதனைக் கருவியிடம் விடுவது, எதனை நம் கண்ணுக்கும் கருத்துக்கும் வைத்துக்கொள்வது என்னும் கேள்வி இந்தச் சிறு கோரிக்கைக்குள் அடங்கியிருக்கிறது. அதனை இத்திங்கள் சற்று ஆராய்வோம்.

எடிட்டர் என்பது யாது?

கணிப்பொறி செய்யவேண்டியவற்றை வரி வரியாக எழுதி வைப்பதே நிரல். அதனை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளே எடிட்டர். கடிதம் எழுதுவோர் புதிதாக எழுதுவதில்தான் பெரும்பொழுதைச் செலவிடுகின்றனர். நிரல் எழுதுவோர் நிலை அதுவன்று. முன்பு எழுதியதைத் தேடுவதும், ஒரு பெயரை மாற்றுவதும், ஒரு குறியைச் சேர்ப்பதும், ஒரு வரியை நீக்குவதுமாக அவர்கள் பொழுது கழிகிறது. ஒரே திருத்தத்தை இருபது இடங்களில், ஐம்பது இடங்களில் செய்ய நேரிடுவதும் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பன்னிரண்டு முறை விசையைத் தட்டினால் மணிக்கட்டு நோகும். அதைவிட, மனம் சலிக்கும். சலித்த மனம் பிழை செய்யும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

ஒரு புள்ளியின் வரலாறு

இக்கோரிக்கைக்கு மிகப் புகழ்பெற்ற விடை அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கு மாணவராயிருந்த பில் ஜாய் 1976 அளவில் ஓர் எடிட்டரை உருவாக்கத் தொடங்கினார். லண்டன் குயின் மேரி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் கூலூரிஸ் எழுதியிருந்த எடிட்டர் ஒன்று அவருக்குத் தூண்டுகோலாயிற்று. பில் ஜாயின் படைப்பு நாளடைவில் 'வீ-ஐ' என்னும் பெயர் பெற்று, 1979இல் பெர்க்லியின் இரண்டாம் மென்பொருள் வெளியீட்டோடு பரவியது. பின்னாளில், 1982இல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகவும் அவர் விளங்கினார்.

அக்காலத்தில் அவர் தம் வீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு தொலைபேசிக் கம்பி வழியாகத் தொடர்பு கொண்டிருந்தார். அந்தத் தொடர்பின் வேகம் நொடிக்கு 300 பிட். அதாவது ஏறத்தாழ 30 எழுத்துகள். 24 வரியும் வரிக்கு 80 எழுத்தும் கொண்ட திரை ஒன்று முழுவதும் நிறைய ஒரு நிமிடத்திற்கும் மேலாகும். நீண்ட கட்டளைகளும் அடிக்கடி மாறும் திரையும் அங்குக் கட்டுப்படியாகா. எனவே வீ-ஐயின் கட்டளைகள் ஓரெழுத்தாகவும் ஈரெழுத்தாகவும் சுருங்கின. அவற்றுள் மிகச் சிறியது ஒரு முற்றுப்புள்ளி. அதைத் தட்டினால், கடைசியாகச் செய்த திருத்தம் இப்போது நிற்கும் இடத்தில் மீண்டும் நடைபெறும். சிக்கனம் பெற்றெடுத்த பிள்ளை அந்தப் புள்ளி. கம்பியின் வேகம் பல்லாயிரம் மடங்கு பெருகிவிட்ட இந்நாளிலும் அப்புள்ளி மறையவில்லை. கம்பிக்கு மட்டுமன்றி மனிதக் கைக்கும் அது ஓய்வளித்ததே காரணம்.

'செயல்' என்பது எது?

"கடைசியாகச் செய்ததை மறுபடி செய்" என்று சொல்வது எளிது. "கடைசியாகச் செய்தது எது?" என்று கருவி திருப்பிக் கேட்டால் என்ன விடை கூறுவோம்?

ஒருவர் 'மாம்பழம்' என்று தட்டெழுதி, அம்புக்குறி விசையால் கீழ்வரிக்குச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் செயல் கீழே இறங்கியதா? 'ம்' என்ற இறுதி எழுத்தா? 'மாம்பழம்' என்ற முழுச் சொல்லா? மனிதர் உடனே, "சொல்தான்" என்பார். கருவிக்கோ ஒவ்வொரு விசைத் தட்டலும் ஒரு தனிச் செயல். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று யாரேனும் எல்லை வகுத்தால் அன்றி அது அறியாது.

வீ-ஐ அந்த எல்லையைத் தன் அமைப்பிலேயே வகுத்துக்கொண்டது. அதில் கட்டளையிடும் நிலை வேறு, எழுதும் நிலை வேறு. எழுதும் நிலைக்குள் நுழைந்து, வேண்டியதை எழுதி, எஸ்கேப் விசையைத் தட்டி வெளிவரும்வரை நடந்ததனைத்தும் ஒரே திருத்தமாகக் கருதப்படும். வெறுமனே இடம்விட்டு இடம் நகர்வது திருத்தமாகக் கருதப்படாது. புள்ளி அதனைப் பொருட்படுத்தாது. மேலும், புள்ளி நினைவில் கொள்வது செயலின் முறையையே. அது நடந்த இடத்தை அன்று. ஒரு சொல்லை நீக்கியபின் வேறோரிடம் சென்று புள்ளியைத் தட்டினால், அங்கே எச்சொல் இருக்கிறதோ அது நீங்கும்.

தொடக்கமும் முடிவும் உள்ள வேலையைத்தான் மீண்டும் செய்யச் சொல்ல இயலும் என்பது இதிலிருந்து விளங்குகிறது. வீ-ஐயைப் புதிதாகக் கற்போரை அதன் இரு நிலைகளும் முதலில் திணறடிப்பது உண்மையே. ஆயினும் அந்த இடர்ப்பாட்டிற்குக் கிடைக்கும் கூலிகளுள் ஒன்று இந்தப் புள்ளி. நிலைகள் அற்ற எடிட்டர்களில் இதே வசதியைக் கேட்கும்போது, எல்லையை எங்கே வகுப்பது என்ற கேள்வி உருவாக்குவோர் முன் எழுந்து நிற்கிறது. அவர்கள் தயங்குவதை அலட்சியம் என்று எண்ணிவிடலாகாது.

கண் காணவேண்டிய இடம்

இப்புள்ளியின் உண்மையான சிறப்பு விரைவு அன்று என்பதே நாம் சொல்ல வந்தது. ஓர் எடுத்துக்காட்டால் அதனை விளக்குவோம்.

ஒரு கடைக்கான பட்டியல் நிரலில் 'விலை' என்ற சொல் 40 இடங்களில் வருகிறது. நிரல் பொதுவாக ஆங்கில எழுத்துகளிலேயே எழுதப்படினும், விளக்கத்திற்காகத் தமிழாகவே கொள்வோம். அவற்றுள் 31 இடங்களில் அச்சொல் கடைக்காரர் வாங்கிய விலையைக் குறிக்கிறது. 9 இடங்களில் அவர் விற்கும் விலையைக் குறிக்கிறது. குழப்பம் நீங்க, முதல் வகையை 'அடக்கவிலை' என்று மாற்றவேண்டும்.

"எல்லாவற்றையும் மாற்று" என்று ஒரே கட்டளை இட்டால் ஒரு நொடியில் வேலை முடியும். ஆனால் அந்த 9 இடங்களும் சேர்ந்து மாறிவிடும். வாடிக்கையாளருக்குத் தரும் பட்டியலில் விற்கும் விலைக்குப் பதிலாக அடக்கவிலை ஏறும். கடைக்காரர் இலாபமின்றி விற்றுக்கொண்டிருப்பார்; மாதக் கணக்கு முடிக்கும் நாளில்தான் அவருக்கு அது தெரியவரும். மாறாக, 31 இடங்களையும் கையாலேயே ஒவ்வொன்றாகத் திருத்தினால், இருபதாவது இடத்திற்குள் எழுத்துப் பிழை ஒன்று புகுந்துவிடக்கூடும்.

புள்ளியை அறிந்தவர் இவ்விரண்டிற்கும் நடுவே செல்கிறார். 'விலை' என்று தேடுகிறார். முதல் இடத்தில் 'அடக்கவிலை' என்று திருத்தி எஸ்கேப் தட்டுகிறார். பின்னர் 'என்' என்ற எழுத்தைத் தட்டினால் அடுத்த 'விலை' வந்து நிற்கும். அவர் அதைப் பார்க்கிறார். மாற்றவேண்டியதாயின் புள்ளி, வேண்டாததாயின் மீண்டும் 'என்'. ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு தட்டலோ இரு தட்டலோதான். கைக்கு வேலை குறைந்தது. கண்ணுக்கு வேலை குறையவில்லை. சொல்லப்போனால், எழுத்தைத் தட்டும் கவலை நீங்கியதால் கண் முன்னிலும் கூர்மையாகப் பார்க்கிறது. 40 முறை அவர் நிற்கிறார், 40 முறையும் "இதுவா, அன்றா?" என்று தீர்மானிக்கிறார். செய்து முடிப்பது கருவியின் பங்கு. தீர்மானிப்பது மனிதரின் பங்கு. நல்ல குறுக்குவிசைக்கு இலக்கணம் இதுவே.

இதில் இடறி விழும் இடமும் ஒன்றுண்டு. கணக்கேட்டில் மேல்வரி மாறினால், அதன்கீழ் உள்ள மேற்படிகளின் பொருள் எல்லாம் மாறிவிடும் அல்லவா? புள்ளியும் அவ்வாறே. பதினைந்தாம் இடத்தில் கண்ணில் பட்ட வேறொரு தவறான எழுத்தை நடுவே நீக்கிவிட்டால், புள்ளியின் நினைவில் இப்போது நிற்பது அந்த நீக்கமே, அடக்கவிலை அன்று. அடுத்த இடத்தில் பாராமல் புள்ளியைத் தட்டினால் 'விலை'யின் முதலெழுத்துப் பறிபோகும். எனவே, எடுத்த வேலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது இங்கும் நன்று. தவறு நேர்ந்தால் 'யு' என்ற எழுத்து அதனை மீட்டுத் தரும். பழைய வீ-ஐ ஒரேயொரு படி மட்டும் பின்வாங்க அறிந்திருந்தது. பின்வந்த எடிட்டர்கள் பல படிகள் பின்செல்லக் கற்றன. மீட்கும் வழி இல்லாத இடத்தில் மறுபடி செய்யும் விசையைத் தருவது, தடை இல்லாத மிதிவண்டியைச் சிறுவனிடம் தருவதற்கு ஒப்பாகும்.

பிற இடங்களில் மேற்படி

இவ்வசதி நிரல் எழுதுவோருக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டாம். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள மைக்ரோசாப்ட் வேர்டில் எஃப் 4 விசையைத் தட்டினால், கடைசியாகச் செய்த செயல் பெரும்பாலும் மீண்டும் நடைபெறும். எக்செல்லிலும் அப்படியே: ஒரு கட்டத்திற்கு மஞ்சள் நிறம் தீட்டியபின், வேறொரு கட்டத்தைத் தேர்ந்து எஃப் 4 தட்டினால் அதுவும் மஞ்சளாகும். சில மடிக்கணினிகளில் 'எஃப்என்' என்ற விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும். சங்கக் கணக்கோ திருமண அழைப்புப் பட்டியலோ தயாரிப்போர் இதனை இன்றே செய்து பார்க்கலாம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1976இல் தோன்றிய ஈமேக்ஸ் மரபின் எடிட்டரில், கன்ட்ரோலோடு எக்ஸ், பின்னர் இசட் என்று தட்டினால் கடைசிக் கட்டளை மீண்டும் நிகழும். அடுத்தடுத்து இசட் மட்டும் போதும். நீண்ட வேலையானால், செய்யும் தட்டல்களை வரிசையாகப் பதிவு செய்துகொண்டு திரும்ப இயக்கும் வசதியும் அதில் உண்டு. 2015இல் வெளிவந்த விசுவல் ஸ்டுடியோ கோட் என்னும் எடிட்டரில், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைப் பட்டியல் திறக்கும். அண்மையில் அதிலிருந்து இட்ட கட்டளை மேலே நிற்கும்; என்டர் தட்டினால் போதும். புள்ளிக்குப் பழகியவர்களுக்காக, வீ-ஐயின் வழிமுறைகளை அதனுள் கொண்டுவரும் துணைநிரலும் இருக்கிறது.

கேட்கும் முறை

இவ்வளவிற்குப் பின்னும் தம் எடிட்டரில் தாம் வேண்டுவது இல்லையென்று காணும் இளைஞர் அதனைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது?

விசைகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை வேண்டுவோர் மிகப் பலர். கன்ட்ரோலோடு ஒய் என்ற ஒரே இணையைப் பாருங்கள். வேர்டில் அது, மீட்டதை மறுபடி நிறைவேற்றும். மீட்டது ஒன்றும் இல்லையெனில் கடைசிச் செயலைத் திரும்பச் செய்யும். ஈமேக்ஸில் அது, வெட்டியெடுத்ததை ஒட்டும். வீ-ஐயில் திரையை ஒரு வரி நகர்த்தும். ஒருவருக்குப் புதிதாக ஒரு விசையைத் தருவது, அதே விசையை வேறு வேலைக்குப் பழகிய இன்னொருவர் கையை இடறச் செய்யலாம். ஆதலால், "எனக்கு இந்த விசை வேண்டும்" என்று மட்டும் எழுதுவது போதாது. எவ்வேலையைச் செய்யும்போது இத்தேவை எழுகிறது, இப்போது எத்தனை தட்டல்கள் ஆகின்றன, 'கடைசிச் செயல்' என்று தாம் கருதுவது எது, நகர்தல் அதில் சேருமா, தவறினால் ஒரே படியில் மீளவேண்டுமா என்பனவற்றைத் தெளிவாக எழுதவேண்டும். ஏற்கெனவே வேறொருவர் அதையே கேட்டிருக்கிறாரா என்றும் பார்க்கவேண்டும். தேவையை விளக்கினால், நாம் எண்ணியிராத நல்வழி ஒன்றை உருவாக்குவோரே காட்டக்கூடும்.

கோரிக்கையைப் பற்றிப் பேசும்போது பிராம் மோலனார் என்னும் ஆலந்து நாட்டவரை நினைவுகூராமல் இருக்க இயலாது. வீ-ஐயைப் பின்பற்றி, 1991இல் 'விம்' என்ற எடிட்டரை வெளியிட்டு, 2023 ஆகஸ்டு 3ஆம் நாள் மறையும்வரை அதனைப் பேணி வளர்த்தவர் அவர். விம்மை விலையின்றி உலகுக்கு அளித்தார். 1994இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், கிபாலே என்னும் ஊரில் உள்ள குழந்தைகள் மையத்தில் தொண்டராகப் பணிசெய்தவர் அவர். எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிறைந்த பகுதி அது. அதன்பின் விம்மைத் திறப்போர் முன் அவர் வைத்த வேண்டுகோள் ஒன்றே: இதனால் பயனடைந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள். பயன்படுத்துவோர் அவரிடம் விசைகளைக் கேட்டனர். அவர் அவர்களிடம் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் கேட்டார். நன்கொடை அளித்தோர், எப்புதிய வசதி முதலில் வேண்டும் என்று வாக்களிக்கவும் ஒரு காலத்தில் வழி செய்திருந்தார். நாம் ஒரு வசதியைக் கேட்கும்போது, அதனை இலவசமாக உழைத்துத் தருபவர் ஒரு மனிதர் என்பதை மறவாதிருப்பது நலம்.

அவர் நிரலர்களுக்குக் கூறிய அறிவுரையும் எளியது. வேலை செய்யும்போதே, எதனை மீண்டும் மீண்டும் செய்கிறோம் என்று கவனிக்கவேண்டும். அதற்கு விரைவான வழி உண்டா என்று தேடவேண்டும். கண்டபின், கைப்பழக்கம் ஆகும்வரை பயிலவேண்டும். முதற்படியையே பலர் தவறவிடுகின்றனர். கேட்பதற்கு முன் கவனிப்பது தேவை.

மறுபடி செய்யவே வேண்டாத வேலை

இறுதியாக ஒன்று. ஒரே திருத்தத்தை ஐம்பது இடங்களில் செய்ய நேரிட்டால், "இதனை விரைவாகச் செய்வது எப்படி?" என்பதோடு, "ஐம்பது இடங்களில் ஏன் இருக்கிறது?" என்றும் கேட்கவேண்டும். ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட தங்கள் நூலில், ஒரே செய்தியை நிரலின் பல இடங்களில் எழுதலாகாது. ஓரிடத்தில் எழுதி, மற்ற இடங்களிலிருந்து அதனைச் சுட்டவேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தினர். வரி விழுக்காடு ஐம்பது இடங்களில் எண்ணாக எழுதப்பட்டிருந்தால், அரசு அதை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஐம்பது திருத்தம். ஓரிடத்தில் பெயரிட்டு வைத்தால் ஒரே திருத்தம். புள்ளி விசையின்மேல் விரல் அடிக்கடி செல்லுமாயின், நிரலைச் சீரமைக்கவேண்டும் என்று மணி அடிப்பதாகவே அதனைக் கொள்ளலாம்.

வாசக நேயர்களே, கருவிகள் பெருகப் பெருக, நம் கைகள் செய்த வேலையை அவை ஏற்றுக்கொள்ளும். அதில் வருந்த ஒன்றுமில்லை. நோகும் மணிக்கட்டில் எவ்விதப் பெருமையும் இல்லை. ஆனால் அடுத்த இடத்தில் ஒரு கணம் நின்று, "இங்கும் இது பொருந்துமா?" என்று பார்ப்பதை எந்த விசையிடமும் ஒப்படைக்கலாகாது. மேற்படி இட்ட பழைய எழுத்தரும், மேல்வரியைப் பார்த்துவிட்டுத்தான் அதனை இட்டார். நிரல் எழுதும் பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருந்தால், இப்பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். வேர்டிலும் எக்செல்லிலும் வேலை செய்பவராயின், எஃப் 4 விசையைத் தேடிப் பாருங்கள். தட்டுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். தட்டிய பின்னும் ஒருமுறை பாருங்கள்.